ஹைப்பர்-வி சர்வரில் விர்ச்சுவல் ஸ்விட்ச் அமைப்பது எப்படி?

கேள்வியின் சாரம்: அலுவலகத்துக்கு ஒரு சர்வர் வந்திருக்கிறது. நான்கு 1 கிகாபிட் நெட்வொர்க் போர்ட், விண்டோஸ் சர்வர் 2022, ஹைப்பர்-வி ரோல் போட்டாயிற்று. அதில் டொமைன் கன்ட்ரோலர், ஃபைல் சர்வர், கணக்கு மென்பொருளுக்கு ஒன்று, வெளியிலிருந்து வருபவர்களுக்கான வெப் சர்வர், சோதனைக்கு இரண்டு லினக்ஸ் என ஆறு விஎம் (விர்ச்சுவல் மெஷின்) ஓட வேண்டும். எக்ஸ்டர்னல், இன்டர்னல், பிரைவேட் ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? ஸ்விட்சை உருவாக்கியதும் ரிமோட் டெஸ்க்டாப் ஏன் அறுந்துபோகிறது? விலான் (ஒரே கேபிளில் பல நெட்வொர்க்குகளை எண்ணால் பிரிக்கும் முறை) எண்ணை எங்கே போடுவது?

முதலில் நேரடி விடை. மூன்று போர்ட்டுகளைச் சேர்த்து ஒரே ஒரு எக்ஸ்டர்னல் ஸ்விட்ச் போடுங்கள். நான்காவது போர்ட்டை எந்த ஸ்விட்சிலும் சேர்க்காமல், ஹோஸ்டை (விஎம்களைத் தாங்கும் சர்வரை) நிர்வகிக்க மட்டும் தனியே விடுங்கள். வெப் சர்வரைப் பிரிக்க இன்னொரு ஸ்விட்ச் தேவையில்லை, விலான் போதும். சோதனை லினக்ஸ் இரண்டும் அலுவலக நெட்வொர்க்கில் நேரடியாக இணையக் கூடாது என்றால் மட்டும் அவற்றுக்கு ஓர் இன்டர்னல் ஸ்விட்சும் நேட்டும் (NAT, விஎம்களை ஹோஸ்டின் முகவரியில் வெளியே அனுப்பும் முறை) வையுங்கள். ஏன் இப்படி என்பதும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதும் கீழே. வரிசை முக்கியம், ஏனென்றால் ஸ்விட்சின் சில குணங்களை உருவாக்கும்போதே தீர்மானிக்க வேண்டும். பிறகு மாற்ற நினைத்தால் ஸ்விட்சையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டிவரும்.

மூன்று வகையும் உண்மையில் என்ன செய்கின்றன

பிரைவேட் ஸ்விட்சில் இணைந்த விஎம்கள் தங்களுக்குள் மட்டும் பேசும். ஹோஸ்டுக்குக்கூட அவை தெரியாது. இன்டர்னலில் விஎம்களோடு ஹோஸ்டும் சேர்ந்துகொள்ளும், ஆனால் வெளியே போகும் கேபிள் கிடையாது. எக்ஸ்டர்னல் ஒன்றுதான் நிஜ நெட்வொர்க் கார்டோடு பிணைக்கப்படும்.

எக்ஸ்டர்னலில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அதை உருவாக்கிய நொடியில் அந்த நெட்வொர்க் கார்டு ஹோஸ்டுக்குச் சொந்தமாக இருப்பது நின்றுவிடுகிறது. அதன் பண்புகளைத் திறந்து பாருங்கள்: ஐபிவி4, ஐபிவி6 எல்லாவற்றிலும் டிக் போயிருக்கும், ‘ஹைப்பர்-வி எக்ஸ்டென்சிபிள் விர்ச்சுவல் ஸ்விட்ச்’ என்ற வரியில் டிக் வந்திருக்கும். இனி அந்தக் கார்டு ஸ்விட்சின் அப்லிங்க், அதாவது வெளியே போகும் இணைப்பு, மட்டுமே. அதற்கு ஐபி முகவரி கிடையாது, கொடுக்கவும் கூடாது. ‘மேனேஜ்மென்ட் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் இந்தக் கார்டைப் பகிரட்டும்’ என்ற டிக்கை விட்டிருந்தால், ஹோஸ்டுக்கென்று விஈதர்நெட் என்று தொடங்கும் ஒரு விர்ச்சுவல் கார்டு முளைக்கும். பழைய ஐபி, கேட்வே, டிஎன்எஸ் எல்லாம் அங்கே இடம்பெயரும். ஹோஸ்டும் இப்போது அந்த ஸ்விட்சில் செருகப்பட்ட இன்னொரு விஎம் போலத்தான்.

இந்த இடமாற்றத்தின்போதுதான் ரிமோட் டெஸ்க்டாப் அறுகிறது. பெரும்பாலும் சில நொடிகளில் தானாகவே திரும்பிவிடும். ஆனால் கையால் கொடுத்த ஐபி சில நேரம் புதிய விர்ச்சுவல் கார்டுக்குப் போய்ச் சேராது. அப்போது விஈதர்நெட்டில் 169.254 என்று தொடங்கும் முகவரி உட்கார்ந்திருக்கும், உங்களுக்கும் சர்வருக்கும் நடுவே வழி இராது. ஆகவே இந்த வேலையை அந்தப் போர்ட் வழியாகவே உள்ளே நுழைந்து செய்யாதீர்கள். ஐடிராக், ஐஎல்ஓ போன்ற நிர்வாகக் கன்சோல் வழியாகவோ, நேரே மானிட்டர் செருகியோ, தனியே விட்ட நான்காவது போர்ட் வழியாகவோ செய்யுங்கள். தொடங்குமுன் ஐபிகான்ஃபிக் கட்டளையின் முழு வெளியீட்டையும் ஒரு கோப்பில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது போர்ட்டைத் தனியே விடச் சொன்னதற்கும் இதுதான் காரணம். ஸ்விட்ச் பழுதானாலும், யாராவது தவறான விலான் எண்ணைப் போட்டாலும், ஹோஸ்டுக்குள் நுழைய ஒரு வழி மிஞ்சும். பத்து கிகாபிட் போர்ட் இரண்டு மட்டுமே உள்ள சர்வர்களில் எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்சில் ஓட்டுவது வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் அங்கே ஐடிராக் போன்ற தனிக் கன்சோல் கட்டாயம் இருக்க வேண்டும். உங்களிடம் நான்கு போர்ட் இருக்கும்போது ஒன்றை ஒதுக்குவதில் பெரிய இழப்பு எதுவும் இல்லை. இப்படித் தனிப் போர்ட் வைத்தபின் ஸ்விட்சில் ‘பகிரட்டும்’ டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஹோஸ்டுக்கு ஒரே நெட்வொர்க்கில் இரண்டு முகவரி, இரண்டு கேட்வே வந்து நிற்கும். பதில் பாக்கெட் எந்த வழியாகப் போகும் என்று சொல்ல முடியாத நிலை அது.

உருவாக்கும்போதே தீர்மானிக்க வேண்டியவை

டீமிங் (பல கார்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது), எஸ்ஆர்-ஐஓவி, பேண்ட்வித் முறை ஆகிய மூன்றும் ஸ்விட்ச் பிறக்கும்போதே முடிவாக வேண்டும். பெயரைப் பிறகு மாற்றலாம், அப்லிங்க் கார்டை மாற்றலாம், பகிர்வு டிக்கை மாற்றலாம். இந்த மூன்றை மாற்ற முடியாது.

டீமிங்கில் இரண்டு முறைகள் உண்டு. சர்வர் 2012-இல் வந்த பழைய எல்பிஎஃப்ஓ, சர்வர் மேனேஜரில் ‘நிக் டீமிங்’ என்று தெரிவது, முதலில் கார்டுகளை ஒரு டீமாக்கி அதன்மேல் ஸ்விட்சைக் கட்டும். சர்வர் 2016-இல் வந்த செட் (SET, ஸ்விட்ச் எம்பெடட் டீமிங்) முறையில் ஸ்விட்சுக்குள்ளேயே டீமிங் நடக்கிறது. சர்வர் 2022-இல் எல்பிஎஃப்ஓ டீமின்மேல் ஹைப்பர்-வி ஸ்விட்சைக் கட்ட முயன்றால் மறுத்துவிடும். கட்டாயப்படுத்த ஒரு தனி அளவுரு இருக்கிறது, ஆனால் புதிய அமைப்பில் அதைத் தொடக் காரணமே இல்லை. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பல, சர்வர் மேனேஜரில் டீம் போடுவதிலிருந்துதான் தொடங்குகின்றன. 2022-இல் அவற்றைப் பின்பற்றுகிறவர்கள் இந்த இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

செட் டீமுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. எட்டு கார்டுகள் வரை சேர்க்கலாம். எல்லாம் ஒரே வேகமாக இருக்க வேண்டும். ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே டிரைவர் பதிப்பு என்றிருந்தால் தலைவலி குறையும். எல்ஏசிபி (இரு முனைகளும் பேசி, பல போர்ட்டுகளை ஒரே இணைப்பாகக் கட்டும் முறை) கிடையாது. இதைக் கவனியுங்கள்: எதிர்முனையில் உள்ள நிஜ ஸ்விட்சின் மூன்று போர்ட்டுகளையும் யாராவது பழக்கத்தில் ஈதர்சேனல் அல்லது எல்ஏசிபி குழுவாகக் கட்டியிருந்தால் பாக்கெட்டுகள் காணாமல் போகும், அதுவும் எப்போதும் போகாமல் விட்டுவிட்டுப் போகும். அந்தப் போர்ட்டுகள் தனித்தனி போர்ட்டாக, ஆனால் ஒரே மாதிரி விலான் அமைப்போடு இருக்க வேண்டும். செட் எந்த நேரத்திலும் ஒரு விஎம்மை எந்தப் போர்ட்டின் வழியாகவும் அனுப்பலாம், ஆகவே ஒரு போர்ட்டில் மட்டும் ஒரு விலான் விடுபட்டிருந்தால் அந்த விஎம்முக்கு அன்றைய நிலையைப் பொறுத்து நெட்வொர்க் இருக்கும், அல்லது இராது.

செட் ஸ்விட்சை ஹைப்பர்-வி மேனேஜர் சாளரத்தில் உருவாக்க முடியாது. பவர்ஷெல்லில் நியூ-விஎம்ஸ்விட்ச் கட்டளைதான். அதில் பெயர், மூன்று நெட்வொர்க் கார்டுகளின் பெயர்கள் காற்புள்ளியிட்டு, எனேபிள்-எம்பெடட்-டீமிங் உண்மை, அலோ-மேனேஜ்மென்ட்-ஓஎஸ் பொய், மினிமம்-பேண்ட்வித்-மோட் வெயிட் என்று கொடுங்கள். கார்டுகளின் பெயரை அதற்கு முன்பே சீராக்கிவிடுங்கள். ‘ஈதர்நெட் 3’ என்று விட்டால் எந்தக் கேபிள் எது என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எந்தக் கார்டில் இணைப்பு போகிறது என்று பார்த்து, சர்வரின் பின்பக்கத்தில் அச்சிட்ட எண்ணையே பெயராக வையுங்கள்.

இப்போதைக்கு ஒரே ஒரு கேபிள்தான் கைவசம் என்றாலும் செட் முறையை இயக்கியே ஸ்விட்சைப் போடுங்கள். ஒரு கார்டோடு செட் ஸ்விட்ச் பிறக்கலாம், பிறகு ஆட்-விஎம்ஸ்விட்ச்டீம்மெம்பர் கட்டளையால் மற்றவற்றைச் சேர்க்கலாம். சாதாரண ஸ்விட்சைப் பிறகு செட்டாக மாற்ற வழியில்லை.

மூன்று 1 கிகாபிட் சேர்ந்தால் 3 கிகாபிட் கிடைக்குமா என்றால், ஒரு விஎம்முக்குக் கிடைக்காது. ‘ஹைப்பர்-வி போர்ட்’ என்ற பகிர்வு முறையில் ஒவ்வொரு விஎம் கார்டும் ஒரு நிஜக் கார்டில் பொருத்தப்படும், அதன் உச்சம் 1 கிகாபிட்தான். ‘டைனமிக்’ முறையில் வெளியே போகும் பாய்ச்சலைப் பிரித்து அனுப்பும், உள்ளே வருவது அப்போதும் ஒரே கார்டின் வழியாகத்தான். ஆறு விஎம் உள்ள உங்கள் சர்வரில் சுமை தானாகவே பரவிக்கொள்ளும். ஃபைல் சர்வர் ஒன்றுக்கே 1 கிகாபிட்டுக்கு மேல் வேண்டும் என்றால் விடை 10 கிகாபிட் கார்டுதான், மேலும் ஒரு 1 கிகாபிட் போர்ட் அல்ல.

எஸ்ஆர்-ஐஓவி உங்களுக்கு வேண்டாம். அது விஎம்மை விர்ச்சுவல் ஸ்விட்சைத் தாண்டி நேரே கார்டோடு பேசவைக்கும் ஏற்பாடு. 10 கிகாபிட்டும் அதற்கு மேலும் ஓடும் இடங்களில் ப்ராசசர் சுமையைக் குறைக்கும். அதற்குக் கார்டு, பயாஸ், டிரைவர் மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். 1 கிகாபிட்டில் அதனால் கிடைக்கும் ஆதாயம் கண்ணுக்குத் தெரியாது.

பேண்ட்வித் முறையை வெயிட் என்று வைக்கச் சொன்னதற்குக் காரணம், பின்னால் ஒரு நாள் ‘பேக்கப் ஓடும்போது கணக்கு மென்பொருள் திணறுகிறது’ என்ற புகார் வரும். அப்போது ஒவ்வொரு விஎம்முக்கும் 1 முதல் 100 வரை எடை கொடுத்துக் குறைந்தபட்சப் பங்கை உறுதி செய்யலாம். எல்லா எடைகளின் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டாமல் வைத்தால் அதை அப்படியே சதவீதமாகப் படிக்கலாம். நெரிசல் இல்லாத நேரத்தில் எடை யாரையும் கட்டுப்படுத்தாது.

விலான்: எண்ணை எங்கே போடுவது

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். விர்ச்சுவல் ஸ்விட்ச் மேனேஜர் சாளரத்தில் ஸ்விட்சின் பக்கத்திலேயே விலான் எண்ணுக்கு ஒரு பெட்டி இருக்கிறது. அதில் 20 என்று போட்டால் அந்த ஸ்விட்சில் உள்ள எல்லா விஎம்களும் 20-க்குப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. அந்தப் பெட்டி ஹோஸ்டின் விஈதர்நெட் கார்டுக்கு மட்டும். பகிர்வு டிக் இல்லையென்றால் அந்தப் பெட்டிக்கே வேலையில்லை. விஎம்மின் விலான் எண்ணை அந்தந்த விஎம்மின் அமைப்புகளில், நெட்வொர்க் அடாப்டர் பக்கத்தில், ‘எனேபிள் விர்ச்சுவல் லேன் ஐடென்டிஃபிகேஷன்’ என்பதை டிக் செய்து போட வேண்டும். விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம்.

உங்கள் அலுவலகத்துக்கு நிர்வாகம் 10, சர்வர்கள் 20, வெளியார் தொடும் வெப் சர்வர் 30 என்று வைத்துக்கொள்வோம். டொமைன் கன்ட்ரோலர், ஃபைல் சர்வர், கணக்கு விஎம் மூன்றுக்கும் 20. வெப் சர்வருக்கு 30. நிஜ ஸ்விட்சில் டீமின் மூன்று போர்ட்டுகளும் டிரங்க் ஆக (பல விலான்களைக் கடத்துபவையாக) இருக்க வேண்டும், 20-ம் 30-ம் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். தனியே விட்ட நான்காவது போர்ட், விலான் 10-இல் சாதாரண ஆக்சஸ் போர்ட், அதாவது ஒரே விலானுக்கானது.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை இரட்டைக் குறி (குறி என்பது பாக்கெட்டில் எழுதப்படும் விலான் எண்). நிஜ ஸ்விட்சின் போர்ட்டை விலான் 20-க்கான ஆக்சஸ் போர்ட்டாக வைத்துவிட்டு, விஎம்மிலும் 20 என்று போடுவார்கள். ஆக்சஸ் போர்ட் குறியில்லாத பாக்கெட்டை எதிர்பார்க்கிறது, குறியில்லாமல் அனுப்புகிறது. விஎம்மோ குறியுள்ளதை மட்டுமே ஏற்கிறது. இரு பக்கமும் எண் ஒன்றுதான், ஆனாலும் ஒரு பிங்கூடப் போகாது. ஆக்சஸ் போர்ட் என்றால் விஎம்மில் விலானை அணைத்து வையுங்கள், டிரங்க் என்றால் இரு பக்கமும் குறி. டிரங்க்கில் விலான் எண் இல்லாமல் விடப்பட்ட விஎம், அந்தப் போர்ட்டின் நேட்டிவ் விலானுக்குள் (குறியில்லாதவற்றுக்கான விலானுக்குள்) போய் விழும். புதிதாக உருவாக்கிய விஎம் தவறான நெட்வொர்க்கில் ஐபி வாங்குகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

ஃபயர்வால் மென்பொருளை விஎம்மாக ஓட்டி, ஒரே கார்டில் பல விலான்களைக் கொடுக்க வேண்டுமென்றால் சாளரத்தில் வழியில்லை. செட்-விஎம்நெட்வொர்க்அடாப்டர்விலான் கட்டளையில் டிரங்க் என்று சொல்லி, அனுமதிக்கும் எண்களின் பட்டியலும் நேட்டிவ் எண்ணும் கொடுக்க வேண்டும். நேட்டிவ் எண்ணாக 0 கொடுத்தால் குறியில்லாதவை அப்படியே போகும்.

ஹைப்பர்-வி ஸ்விட்ச் இரண்டாம் அடுக்கில் மட்டும் வேலை செய்யும், ரூட்டிங் செய்யாது. 20-லிருந்து 30-க்குப் போக வெளியே ஒரு ஃபயர்வாலோ மூன்றாம் அடுக்கு ஸ்விட்சோ வேண்டும். இது உங்களுக்கு நல்லதே: அங்கே ஃபயர்வாலை வைத்தால், வெப் சர்வரிலிருந்து உள்ளே நுழைய முயலும் ஒவ்வொரு பாக்கெட்டும் அதைக் கடந்தாக வேண்டும். ஆனால் ஒரே விலானில் ஒரே ஹோஸ்டில் இருக்கும் இரண்டு விஎம்கள் பேசிக்கொள்ளும்போது அந்தப் பாக்கெட் சர்வரை விட்டு வெளியேறுவதே இல்லை. வெளியே எவ்வளவு நல்ல ஃபயர்வால் இருந்தாலும் அதன் கண்ணில் இது படாது. வெப் சர்வரைச் சர்வர்களின் விலானிலேயே வைக்காதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

நிஜ ஸ்விட்சின் பக்கம் இன்னொன்று. ஒரு போர்ட்டில் ஒரே ஒரு மேக் முகவரிதான் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வரலாம் என்று போர்ட் செக்யூரிட்டி வைத்திருக்கும் அலுவலகங்கள் உண்டு. இரண்டாவது விஎம் பேசத் தொடங்கியதும் அந்தப் போர்ட் தானாகவே மூடிக்கொள்ளும். சர்வர் செருகும் போர்ட்டுகளில் அந்த வரம்பை எடுத்துவிடச் சொல்லுங்கள். லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயின் காத்திருப்பையும் அந்தப் போர்ட்டுகளில் தவிர்க்கலாம். ஹைப்பர்-வி ஸ்விட்ச் ஒரு அப்லிங்கில் வந்ததை இன்னொரு அப்லிங்கில் திருப்பி அனுப்பாது, அதனால் லூப் உண்டாகாது. விஎம்முக்குள் இரண்டு கார்டுகளை யாராவது பிரிட்ஜ் செய்தால் மட்டும் அந்த உறுதி செல்லாது.

சோதனை விஎம்களுக்கு இன்டர்னலும் நேட்டும்

ஹைப்பர்-வி மேனேஜரில் இன்டர்னல் வகையில் ஒரு ஸ்விட்ச் போடுங்கள், ‘சோதனை’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஹோஸ்டில் அதற்கென ஒரு விஈதர்நெட் கார்டு தோன்றும். அதற்கு 172.16.50.1, சப்நெட் 24 பிட் என்று கையால் ஐபி கொடுங்கள், கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் காலியாக விடுங்கள். அடுத்து நியூ-நெட்நேட் கட்டளையில் ஒரு பெயரும், உள் முகவரித் தொகுதியாக 172.16.50.0/24-ம் கொடுங்கள். லினக்ஸ் விஎம்மில் 172.16.50.11, கேட்வே 172.16.50.1, டிஎன்எஸ்ஸுக்கு நீங்கள் பயன்படுத்தும் முகவரி. இவ்வளவுதான், விஎம் இணையத்துக்குப் போகும்.

இதில் டிஹெச்சிபி (தானாக ஐபி வழங்கும் சேவை) கிடையாது. விண்டோஸ் 10, 11 கணினிகளில் ஹைப்பர்-வி போட்டால் ‘டிஃபால்ட் ஸ்விட்ச்’ என்று ஒன்று தானாக வந்து ஐபியும் கொடுக்கும். சர்வர் பதிப்பில் அது வராது. அதைப் பார்த்துப் பழகியவர்கள் சர்வரில் விஎம் ஐபி வாங்கவில்லையே என்று தேடுவார்கள். ஒரு ஹோஸ்டில் ஒரே ஒரு நேட் தொகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்டெய்னர் மென்பொருள் ஏற்கெனவே ஒன்றை உருவாக்கியிருக்கலாம், கெட்-நெட்நேட் கொடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தேர்ந்தெடுக்கும் தொகுதி அலுவலகத்திலோ விபிஎன்னிலோ வேறெங்கும் பயன்படாததாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து லினக்ஸுக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைய ஆட்-நெட்நேட்ஸ்டாட்டிக்மேப்பிங் மூலம் ஹோஸ்டின் 2222-ஐ விஎம்மின் 22-க்குத் திருப்பலாம், ஹோஸ்டின் ஃபயர்வாலிலும் 2222-ஐத் திறக்க வேண்டும்.

ஹோஸ்ட் டொமைனில் சேர்ந்திருந்தால் இந்த இன்டர்னல் கார்டின் ஐபிவி4 மேம்பட்ட அமைப்புகளில், டிஎன்எஸ் தாவலில், ‘இந்த இணைப்பின் முகவரியை டிஎன்எஸ்ஸில் பதிவு செய்’ என்பதை எடுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் ஹோஸ்டின் பெயருக்கு 172.16.50.1-ம் பதிவாகும். அலுவலகத்தின் மற்ற கணினிகள் சில நேரம் அந்த முகவரியைத் தேடிப்போய் ஹோஸ்ட் கிடைக்கவில்லை என்று திரும்பும். வாரக்கணக்கில் காரணம் பிடிபடாமல் அலையவைக்கும் தொல்லை இது.

வாடகைக்கு எடுத்த சர்வர் என்றால் கதை வேறு. டேட்டா சென்டர்கள் பலவற்றில் உங்கள் போர்ட்டில் அவர்கள் பதிந்த மேக் முகவரி மட்டுமே அனுமதி. எக்ஸ்டர்னல் ஸ்விட்சில் விஎம்மை இணைத்ததும் அறிமுகமில்லாத மேக் வெளியே தெரியும், பாக்கெட்டுகள் தடுக்கப்படும், சில இடங்களில் சர்வரையே துண்டித்துவிடுவார்கள். அங்கே இரண்டே வழிகள்: இன்டர்னலும் நேட்டும், அல்லது கூடுதல் ஐபியோடு அவர்கள் தரும் மேக் முகவரியை விஎம்மின் மேம்பட்ட அம்சங்களில் ஸ்டாட்டிக்காகப் போடுவது.

மேக் முகவரித் தொகுப்பு

ஹைப்பர்-வி தரும் மேக் முகவரிகள் 00-15-5டி என்று தொடங்கும். அடுத்த இரண்டு பகுதிகள் ஹோஸ்டின் ஐபி முகவரியின் கடைசி இரண்டு எண்களிலிருந்து எடுக்கப்படும். கடைசிப் பகுதி 00 முதல் எஃப்எஃப் வரை, மொத்தம் 256 முகவரிகள். இந்தத் தொகுப்பு தொடக்கத்திலேயே தீர்மானிக்கப்பட்டுவிடும். பிறகு ஹோஸ்டின் ஐபியை மாற்றினாலும் தொகுப்பு மாறாது. ஹைப்பர்-வி போட்ட ஒரு சர்வரின் இமேஜை இன்னொன்றில் அப்படியே இறக்கினால் இரண்டு ஹோஸ்டும் ஒரே தொகுப்பிலிருந்து முகவரி வழங்கும். இரண்டு விஎம்கள் ஒரே மேக்கோடு ஒரே நெட்வொர்க்கில் நின்றால் இரண்டுக்கும் மாறி மாறி நெட்வொர்க் போகும், வரும். விர்ச்சுவல் ஸ்விட்ச் மேனேஜரில் ‘மேக் அட்ரஸ் ரேஞ்ச்’ பக்கத்தில் ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் வேறு தொகுப்பு இருப்பதை உறுதி செய்யுங்கள். மாற்றம் புதிதாக வழங்கும் முகவரிகளுக்கே பொருந்தும், பழைய விஎம்கள் வைத்திருப்பது அப்படியே இருக்கும்.

‘மேக் அட்ரஸ் ஸ்பூஃபிங்’ அனுமதி இயல்பாக அணைந்திருக்கும், அப்படியே விடுங்கள். விஎம்முக்குள்ளேயே இன்னொரு ஹைப்பர்-வி ஓட்டும்போதும், விஎம் தன் சொந்த மேக்கைத் தவிர வேறொன்றால் பேச வேண்டிய லோட் பேலன்சர் போன்றவற்றுக்கும் மட்டும் திறக்க வேண்டும். ‘டிஹெச்சிபி கார்டு’ (DHCP guard, விஎம் ஐபி வழங்குவதைத் தடுக்கும் காவல்) என்ற டிக்கை மாறாகப் பயன்படுத்துங்கள்: டிஹெச்சிபி தர வேண்டிய விஎம்மைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் போட்டுவிடலாம். சோதனை லினக்ஸில் யாரோ டிஹெச்சிபி சேவையை ஓட்டி அலுவலகம் முழுக்கத் தவறான ஐபி போவது அதனால் தடுபடும்.

இணைத்தாயிற்று, ஆனால் போகவில்லை அல்லது மெதுவாகப் போகிறது

போகவில்லை என்றால் பிங்கை மட்டும் நம்பாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் உள்ளே வரும் பிங்கை இயல்பாகவே தடுக்கும். புதிய விர்ச்சுவல் கார்டுக்குக் கேட்வே இல்லாதபோது விண்டோஸ் அதை ‘அடையாளம் தெரியாத நெட்வொர்க்’ என்று பப்ளிக் வகையில் சேர்த்துவிடுவதால் தடுப்பு இன்னும் இறுகும். அதற்குப் பதில் விஎம்மிலிருந்து கேட்வேயைப் பிங் செய்துவிட்டு, ஐபிகளுக்கு உரிய மேக்குகளைக் காட்டும் ஏஆர்பி அட்டவணையைப் பாருங்கள். கேட்வேயின் மேக் அங்கே வந்திருந்தால் இரண்டாம் அடுக்கில் வழி சரி, பிழை ஃபயர்வாலிலோ ஐபி அமைப்பிலோ. வரவில்லை என்றால் விலான், டிரங்க், கேபிள் பக்கம் தேடுங்கள். ஐயத்தைத் தீர்த்துவைக்கும் சோதனை நிஜ ஸ்விட்சின் மேக் அட்டவணைதான்: 00-15-5டி முகவரி சரியான விலானில், டீமின் ஒரு போர்ட்டில் தெரிகிறதா? தெரிந்தால் ஹைப்பர்-வி பக்கம் வேலை முடிந்தது. வேறு விலானில் தெரிந்தால் குறி பிழை. எங்குமே தெரியாவிட்டால் பாக்கெட் ஹோஸ்டை விட்டே வெளியேறவில்லை. அப்போது சர்வர் 2019 முதல் கூடவே வரும் பிகேடிமான் கருவியை ஹோஸ்டில் ஓட்டினால் எந்தக் கட்டத்தில் பாக்கெட் விழுகிறது என்று எண்ணிக்கையோடு காட்டும்.

மெதுவாகப் போகிறது என்றால் முதலில் விஎம்கியூ, அதாவது விஎம்களுக்கு வரும் பாக்கெட்டுகளைக் கார்டே தனித்தனி வரிசையாகப் பிரிக்கும் வசதி. 1 கிகாபிட் கார்டுகளில் அதனால் பயனில்லை. சர்வர் 2012 காலத்தில் பிராட்காமின் சில 1 கிகாபிட் கார்டுகளில் விஎம்கியூ இயங்கினால் விஎம்களின் நெட்வொர்க் மிக மெதுவாகிவிடும் என்பதை மைக்ரோசாஃப்டே ஆதரவுக் குறிப்பாக வெளியிட்டது. டிரைவரைப் புதுப்பிப்பதே அதற்குத் தீர்வு. உங்கள் கார்டு எதுவானாலும் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு, 1 கிகாபிட் கார்டுகளில் விஎம்கியூவை அணைத்துவிடலாம். அடுத்தது ஆர்எஸ்சி: சர்வர் 2019 முதல் விர்ச்சுவல் ஸ்விட்சில் இது இயல்பாக இயங்குகிறது. சின்னச் சின்னப் பாக்கெட்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கி விஎம்முக்குத் தரும் ஏற்பாடு. சில கார்டுகளோடு ஒத்துப்போகாமல் ஒரு திசையில் மட்டும் வேகம் படுத்துவிடும். செட்-விஎம்ஸ்விட்ச்சில் எனேபிள்-சாஃப்ட்வேர்-ஆர்எஸ்சி பொய் என்று கொடுத்துச் சோதித்துப் பாருங்கள், வேகம் திரும்பினால் அப்படியே விடலாம். முதல் தலைமுறை விஎம்மில் ‘லெகசி நெட்வொர்க் அடாப்டர்’ போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அது 100 மெகாபிட் கார்டு ஒன்றைப் போல நடிப்பது, நெட்வொர்க் வழி பூட் செய்வதற்கென்றே இருப்பது. வேலை முடிந்ததும் எடுத்துவிட்டுச் சாதாரண அடாப்டரைப் போடுங்கள். இரண்டாம் தலைமுறை விஎம்களுக்கு இது தேவையே இல்லை.

ஜம்போ ஃப்ரேம் (வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்) வேண்டும் என்று யாராவது சொன்னால், வழியில் உள்ள எல்லாமே அதை ஏற்க வேண்டும்: நிஜக் கார்டு, விஎம்முக்குள் உள்ள கார்டு, நிஜ ஸ்விட்ச், எதிர்முனை. சோதனைக்கு, துண்டாடாதே என்ற விருப்பத்தோடு 8972 பைட் அளவில் பிங் செய்யுங்கள். தலைப்புகளுக்கான 28 பைட் சேர்ந்து சரியாக 9000 ஆகும். அது போகவில்லையென்றால் ஓரிடத்தில் விடுபட்டிருக்கிறது. அலுவலக ஃபைல் சர்வருக்கு இந்த உழைப்பு வீண், ஸ்டோரேஜுக்கென்று தனி ஐஸ்கசி நெட்வொர்க் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

இரண்டாவது சர்வர் வாங்கி விஎம்களை ஓடும்போதே மாற்றும் எண்ணம் இருந்தால், ஸ்விட்சின் பெயர் இரண்டு ஹோஸ்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு இடைவெளி கூடினாலும் லைவ் மைக்ரேஷன் அந்த ஸ்விட்சைக் கண்டுகொள்ளாது. ஆகவே பெயரில் சர்வரின் பெயரையோ எண்ணையோ சேர்க்காதீர்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஸ்விட்ச் பாதியில் சிக்கி, அழிக்கவும் முடியாமல் உருவாக்கவும் முடியாமல் நின்றால், நெட்சிஎஃப்ஜி கட்டளையை டி விருப்பத்தோடு கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று பல இடங்களில் சொல்வார்கள். அது எல்லா விர்ச்சுவல் ஸ்விட்சுகளையும் நெட்வொர்க் அமைப்புகளையும் துடைத்தெறிந்துவிடும். மற்ற கார்டுகளின் ஐபியும் சேர்ந்தே போகும், தனியே விட்ட நான்காவது போர்ட்டுடையதும். கன்சோல் முன்னால் உட்கார்ந்து, எல்லா முகவரிகளையும் விலான் எண்களையும் குறித்துவைத்து, விஎம்களை நிறுத்திய பிறகுதான் அதைத் தொட வேண்டும். கட்டளை முடிந்ததும் சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, முதலில் நிர்வாகப் போர்ட்டுக்கு ஐபி கொடுங்கள், அதன் பிறகு ஸ்விட்சை உருவாக்குங்கள்.